கையொப்பமும் அதன் உடைமை வரலாறும்

பெரியார் 1929இலும் நேரு 1937இலும் மலாயாவுக்கு வந்தபோது இட்ட கையொப்பம் ஏதேனும் பேராக் மாநிலத்துத் தமிழ்க் குடும்பமொன்றில் எஞ்சியிருக்குமானால், அதன் மதிப்பு மையெழுத்தோடு முடிவதில்லை; அது எவர் கையிலிருந்து எப்போது, எவ்வழியாக வந்தது என்னும் உடைமை வரலாறும் அம்மதிப்பில் அடங்கும். காந்தியடிகள் அரிசன நிதிக்கு ஐந்து ரூபாய் பெற்றுக்கொண்டே கையொப்பமிடுவது வழக்கமாயிருந்ததால், அவர் கையொப்பமாயின் பணம் கொடுத்த குறிப்பும், கையொப்ப ஏட்டின் அதே பக்கத்தில் உள்ள தேதியும் ஊர்ப்பெயருங்கூடச் சான்றுகளாகும். எனவே, படச்சட்டத்தின் அளவுக்குப் பொருந்துமாறு கையொப்பத்தை மட்டும் வெட்டியெடுப்பதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

பேராக்கின் லூமுட் போன்ற கடலோர ஊரில் காற்றின் ஈரம் பூஞ்சையையும் இராமபாணப் பூச்சியையும் வளர்ப்பதோடு தாளை விரித்துச் சுருக்குவதால், தாளை அட்டையில் முழுவதும் ஒட்டாமல், மேல்விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்றுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவதே காப்பக முறை. இப்பசையைப் பின்னாளில் சிறிது ஈரம் காட்டிப் பிரிக்கலாம், செலோடேப்போ மஞ்சள் கறையை விட்டுச்செல்லும். தாளின் பின்னே அமிலமற்ற அட்டையும், கண்ணாடி தாளைத் தொடாதிருக்க முன்னே நடுவில் வெட்டிய மற்றோர் அட்டையும் வேண்டும். லேமினேஷன் கூடவே கூடாது.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மை மங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களின்மேல் ஏறத்தாழ 50 லக்ஸ், அதாவது மங்கலான அறையின் வெளிச்சம், மட்டுமே விழவிடுகின்றன. நல்ல நகலைச் சுவரில் மாட்டிவிட்டு, மூலத்தை அது வந்த உறை, ஒளிப்படம், விற்பனைச் சீட்டு ஆகியவற்றோடு அமிலமற்ற பெட்டியில், ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலியெஸ்டர் உறையில் வைப்பதே அறிவுடைமை.