கரி எதைப் பிடிக்கும், எதை விடும்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், “கரியில போட்டு வடிச்சிருந்தா விஷம் போயிருக்கும் தம்பி” என்றார். மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நம் ஆய்வகத்தில் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் கரித்தூளை இட்டுக் குலுக்கி, வடிகட்டித் தரம் பார்க்கிறோம். அமிலத்தின் செறிவு குறைந்திருக்கும். குறைந்த பகுதியைக் கரி தன் பரப்பில் பிடித்துக்கொண்டது. பரப்புக் கவர்ச்சி எனப்படும் இப்பண்பை 1785இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருந்தாளராயிருந்த லோவிட்ஸ் என்பார் கரைசல்களில் கண்டறிந்தார். வோட்காவின் நாற்றத்தைப் போக்கவும் அவர் கரியைப் பயன்படுத்தினார்.

நம் மாநிலத்தில் வீட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றம். நியூசிலாந்திலோ, சொந்த உபயோகத்திற்கு வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ள 1996 முதல் சட்டம் இடந்தருகிறது. ஆகவே அங்கே சிறு வடிகருவிகளைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது.

முதலில் கரி. அடுப்புக்கரி போதாது, நீராவியில் சுட்டு நுண்துளை பெருக்கிய கிளர்வூட்டிய கரி வேண்டும். அதில் ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவில் இருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி கடினமானது, எளிதில் பொடியாகாது, மிக நுண்ணிய துளைகள் நிறைந்தது. நம் காங்கேயம் பக்கத்துச் சிரட்டை இத்தொழிலுக்குப் போகிறதென்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி! மணி பெரிதானால் திரவம் கரியைத் தொடாமலே நழுவும். மாவாக இருந்தால் குழாய் அடைபடும்.

அடுத்தது குழாய். குட்டையும் அகலமுமான பாத்திரத்தைவிட, ஒடுங்கி உயர்ந்த குழாய் மேல். ஒரே அளவு கரியானாலும், நீண்ட குழாயில் ஒவ்வொரு துளியும் நெடுநேரம் கரியோடு உறவாடுகிறது. கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத எஃகு நன்று. சாதாரணப் பிளாஸ்டிக்கிலுள்ள பொருள்களைச் சாராயம் கரைத்துக்கொள்ளும். கரியை வெந்நீரில் கழுவி, நனைந்தபடியே நிரப்பவேண்டும். உலர்ந்து நிரப்பினால் காற்றுக் குமிழி தங்கி, திரவம் ஒரு பக்கமாகவே வழி தேடிக்கொள்ளும். சாராயத்தையும் நீர் சேர்த்து ஏறத்தாழ 40 விழுக்காடாக்கிய பின்னரே ஊற்றவேண்டும். செறிந்த ஆல்கஹாலில் எண்ணெய்த் தன்மையுள்ள அசுத்தங்கள் சுகமாகக் கரைந்திருக்கும். நீர் மிகுந்தால் அவை கரியை நாடும். துளித்துளியாக இறங்குவதே முறை.

இத்தனையும் செய்தால் எது நீங்கும்? அமைல் ஆல்கஹால் முதலிய பியூசல் எண்ணெய்களில் பெரும்பகுதி நீங்கும். ஒரே வரிசைச் சேர்மங்களில் கார்பன் சங்கிலி நீள நீளக் கவர்ச்சி மிகும் என்கிறது டிராபே விதி. அமைல் ஆல்கஹாலில் ஐந்து கார்பன்கள், எத்தில் ஆல்கஹாலில் இரண்டு. மெத்தில் ஆல்கஹாலில் ஒன்றே ஒன்று! எனவே வரிசையிலேயே கரி மிகக் குறைவாகப் பிடிப்பது அதைத்தான். எவ்வளவு விலையுயர்ந்த குழாயும் இந்த வரிசையை மாற்றாது. மறுபடி காய்ச்சினாலும் அது முழுதும் பிரியாது. நீரும் எத்தில் ஆல்கஹாலும் உடனிருக்க, தனக்குரிய 65 பாகையில் மட்டும் அது தனித்து வெளியேறுவதில்லை. விஷமுண்டோர் பலருக்கு மருத்துவமனையில் கரித்தூள் புகட்டுவதுண்டு. மெத்தில் ஆல்கஹால் குடித்தவருக்கு அது பயன்படாது.

இங்குதான் ஆபத்து மிகுகிறது. நாற்றந்தரும் பியூசல் எண்ணெயைக் கரி எடுத்துவிடும். மணத்தால் வேறுபடுத்த இயலாத மெத்தில் ஆல்கஹாலை அப்படியே விட்டுவிடும். வடித்தபின் சாராயம் முன்னிலும் தூயதுபோல் தோன்றும்.

அந்தப் பெரியவரை மறுபடி கண்டபோது இவ்வளவும் சொன்னேன். “அப்ப மூக்கையும் நம்பக்கூடாதுங்கிறே” என்று கேட்டார். ஆமாம் தாத்தா என்றேன்.