மாரடைப்புக்குப் பின் மூலிகையும் உணவும்

மாரடைப்புக்கு ஆளாகி, வைத்தியசாலையிற் சில நாட் கழித்து வீடு திரும்பும் ஒருவரைக் காண உற்றாரும் அயலாரும் வருவது தமிழர் வழக்கம். வருவோர் ஆறுதலோடு ஆலோசனையும் கொண்டுவருவர். ஒருவர் உள்ளியைத் தேனில் ஊறவைத்து உண்ணுமாறு கூறுவார். மற்றொருவர் மருதம்பட்டைக் குடிநீர் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார். வேறொருவர், ஆங்கில மருந்து உடம்புக்குச் சூடு என்றும், அதனை நிறுத்திவிட்டு மூலிகையை உண்டாற் போதும் என்றும் உறுதியாகச் சொல்வார். இவை யாவும் அன்பினாற் சொல்லப்படுபவையே. ஆயினும், இவற்றுள் எது உணவு, எது மருந்து, எது ஆபத்து என்று பிரித்தறியாத வீட்டில் அந்த அன்பே கேடாய் முடிதல் கூடும்.

மாரடைப்பு என்பது யாது? இருதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகள் மூன்று நான்கு மில்லிமீற்றர் விட்டமே உடையவை. அவற்றின் சுவரிற் பல்லாண்டுகளாகப் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடிப்புற, அவ்விடத்திற் குருதி உறைந்து கட்டியாகி வழியை அடைக்கின்றது. அடைப்புக்கு அப்பாலுள்ள தசை குருதியின்றி மடிகின்றது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை. ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரங்களில் அவ்விடம் தழும்பாய் மாறுகின்றது. தழும்பு இருதயச் சுவரைத் தாங்குமேயன்றி, சுருங்கி விரிந்து குருதியை இறைக்க மாட்டாது. ஆகவே, மீட்சி என்பது இரண்டு காரியங்களில் அடங்கியுள்ளது. எஞ்சிய தசைக்குச் சுமையைக் குறைப்பது ஒன்று. இரண்டாவது அடைப்பு நேராமற் காப்பது மற்றொன்று. எந்த மூலிகையையும் இவ்விரண்டு அளவுகோல்களாலேயே மதிப்பிடல் வேண்டும்.

முதலாவது காரியத்தில் அடுக்களை மூலிகைகள் செய்யும் பேருதவி, உப்பைக் குறைக்க வழிசெய்தலாகும். உப்பு மிகுந்தால் உடலில் நீர் தங்கும். குருதி அமுக்கம் உயரும். தளர்ந்த இருதயம் மேலும் உழைக்க நேரிடும். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. அஃது ஒரு சிறு தேக்கரண்டி அளவே. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியன நாள்தோறும் இடம்பெறும் உணவில் இவ்வளவு எளிதில் மீறப்படும். உப்பில்லாத கறி நாவுக்கு இசையாதென்பது உண்மையே. ஆனால் தேசிக்காய்ப் புளி, கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், கறிவேப்பிலை, இஞ்சி, உள்ளி என்பவற்றைத் தாராளமாகச் சேர்த்தால் உப்புக் குறைந்த குறை பெரிதும் தெரியாது. சில வாரங்களில் நாவும் பழகிவிடும்.

இரண்டாவது காரியத்துக்குக் கீரையும் மரக்கறியும் துணைநிற்கின்றன. முருங்கைக்கீரை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சுண்டல் ஆகியன தட்டிற் பெருகும்போது, பொரியலும் கொழுத்த இறைச்சியும் தாமாகவே குறைகின்றன. தேங்காயின் முதற்பாலைக் குறைத்து, மெல்லிய பாலிற் சொதி வைத்தலும் இவ்வகையில் நன்று. பிரான்சு நாட்டின் லியோன் நகரில், முதல் மாரடைப்பிலிருந்து தப்பிய 605 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994ஆம் ஆண்டு வெளியாயிற்று. தானியம், மரக்கறி, பழம், மீன் ஆகியவற்றை மிகுத்து, இறைச்சியையும் வெண்ணெயையும் குறைத்து உண்டவர்களிடையே மீண்டும் மாரடைப்பு நேர்வதும் மரணமும் பெரிதும் குறைந்தன. இங்கே கவனிக்கத் தக்கது, அப்பயனை அளித்தது தனியொரு பூண்டன்று, முழு உணவுமுறையே என்பதாம்.

இனி, தனி மூலிகைகளை நோக்குவோமாயின், உள்ளி குருதிக் கொழுப்பையும் அமுக்கத்தையும் சிறிதளவு குறைக்கும் என ஆய்வுகள் சில காட்டியுள்ளன. வெந்தயத்தின் கரையும் நார்ப்பொருள் கொழுப்பையும் சர்க்கரையையும் ஓரளவு தணிக்க வல்லது. மருதம்பட்டை ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாக இருதய நோய்க்குக் கொடுக்கப்பட்டு வருவது; அதனைக் குறித்துச் சிறிய ஆய்வுகளும் நடந்துள்ளன. ஆயினும், இவற்றுள் எதுவும் மாரடைப்புக்குப் பின் வைத்தியர் தரும் மருந்தின் இடத்தை நிரப்பும் என்பதற்குச் சான்று இல்லை. அஸ்பிரினோ அவ்வாறன்று. மாரடைப்பு நேர்ந்ததென ஐயுற்ற 17,187 பேரிடையே நடத்தி 1988இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அம்மாத்திரை ஐந்து வாரத்து மரணங்களை ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைத்தது.

மூலிகை இயற்கையானது, ஆதலின் தீங்கற்றது என்பது பலரது நம்பிக்கை. இந்நம்பிக்கைக்கு விடையாக அமைவது ஓர் ஆங்கில மூலிகையின் வரலாறு. 1775ஆம் ஆண்டளவில் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியருக்கு, நாட்டுப்புற மாது ஒருவர் மறைவாக வைத்திருந்த கஷாய முறை ஒன்று கிட்டியது. உடல் வீக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட அதில் இருபதுக்கு மேற்பட்ட பூண்டுகள் இருந்தன. அவற்றுள் உண்மையாக வேலை செய்வது டிஜிற்றாலிஸ் என்னும் செடியே எனக் கண்டு, பத்தாண்டுகள் நோயாளரைக் கவனித்து, பயன்பட்டதையும் பயன்படாததையும் எழுதி, 1785இல் அவர் நூலாக வெளியிட்டார். அளவு சற்றுக் குறைந்தாற் பயனில்லை. சற்று மிகுந்தால் அதுவே நஞ்சு. இன்றும் வழங்கும் டிகொக்சின் என்னும் மருந்து அச்செடியின் இனத்திலிருந்து பெறப்பட்டதே. யாழ்ப்பாணத்து வேலிகளிற் பூக்கும் மஞ்சள் அலரியில் உள்ள கொடிய நஞ்சும் இதே வகையைச் சேர்ந்தது. மூலிகையை மருந்தாக்கியது அதன் இயற்கையன்று, அளவறிந்த அறிவே.

ஆகவே, கறியில் இடும் அளவைக் கடந்து உண்ணப்படும் மூலிகை எதுவும் மருந்தென்றே கருதப்படல் வேண்டும். உள்ளியைச் செறிந்த குளிகையாக உண்பவர் அஸ்பிரினும் குளோப்பிடோகிரலும் உட்கொண்டால், குருதி கசிதல் மிகலாம். வார்பரின் உட்கொள்பவர் கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் உண்டால், அம்மருந்தின் வேகம் மாறிவிடும். அவருக்கு ஒரே அளவே நன்று. இருமலுக்கு இடும் அதிமதுரம் தொடர்ந்து உண்ணப்பட்டால், குருதி அமுக்கத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைக்கும். வெந்தயத்தை மிகுதியாக உண்ணும் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை மட்டுமீறித் தாழலாம். நீர் அருந்துவதற்கு அளவு விதிக்கப்பட்டவர், இலைக்கஞ்சியையும் குடிநீரையும் அவ்வளவில் அடக்கிக் கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றினும் கொடியது, மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல். நாடிக்குள் வலைக்குழாய் பொருத்தப்பட்டவர் குருதி உறையாமற் காக்கும் மாத்திரையை இடையில் விட்டால், அக்குழாயே திடீரென அடைபடலாம். உடல் நலமாயிருக்கின்றது என்பது மருந்தை விடுவதற்குக் காரணமாகாது. அந்நலம் மருந்தினாலும் வந்திருக்கலாம். சித்த வைத்தியரிடமோ ஆயுர்வேத வைத்தியரிடமோ செல்பவர், தாம் உட்கொள்ளும் மாத்திரைகளை அவருக்குக் காட்டுதல் வேண்டும். அவ்வாறே, உண்ணும் குடிநீரையும் சூரணத்தையும் இருதய வைத்தியரிடம் ஒளியாமற் சொல்லுதல் வேண்டும்.

நெஞ்சில் மீண்டும் இறுக்கமோ, இடக்கையிலும் தாடையிலும் நோவோ, காரணமற்ற வியர்வையோ மூச்சுத்திணறலோ தோன்றினால், வாயுக்குத்து என்று சுக்குக் காய்ச்சிக்கொண்டிருக்கும் நேரம் அதுவன்று. ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகின்றது. இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். அடுக்களை மூலிகை நாள்தோறும் இருதயத்துக்குத் துணைநிற்க வல்லது. அத்துணையை அடுக்களையிற் பெற்று, மருந்தை மருந்தின் நேரத்தில் உண்டு வருவோரே இரண்டின் பயனையும் ஒருங்கே அடைவர்.