தலைப்பிரசவமும் இரண்டு எண்களும்

பொழியூர்க் கடற்கரையில் நடந்துகொண்டே இருந்தால் கேரளம் எங்கே முடிந்தது என்று கால்களுக்குத் தெரியாது. அடுத்த ஊர் நீரோடி, குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ல் விழுந்த கோடு அது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் அதைக் கேட்டு நடப்பதில்லை.

பொழியூர்ப் பெண் நீரோடிக்கு வாழ்க்கைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பமானதும் அங்கே தமிழ்நாடு அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் பதிவு, ஒரு எண். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும். ஏழாம் மாதம் தாய்வீடு. தலைப்பிரசவம் பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ, சிக்கல் என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலோ நடக்கும். இங்கே 2017-ல் தொடங்கிய கேரள இ-ஹெல்த் திட்டம். அதற்கு வேறொரு எண். வீட்டிலிருந்தே ஓ.பி. டோக்கன் எடுக்கலாம் என்பது நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பிரசவ அறை மருத்துவருக்கு வேண்டியது, ஆறாம் மாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பது. அது திரையில் வருகிறதா, அம்மா கக்கத்தில் இடுக்கிய பிளாஸ்டிக் கவரிலிருந்து வருகிறதா?

மருத்துவமனைக் கணினிமயத்தை எடைபோட இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. வழக்கமாகச் சொல்லப்படுவது வேறு: எத்தனை கணினி, எத்தனை லட்சம் பதிவு. டிலோன், மெக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் தகவல் அமைப்புகளின் வெற்றியை அளக்க 1992-ல் வகுத்து 2003-ல் திருத்திய அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. தகவல் சரியாக இருக்கிறதா, ஊழியர் உண்மையிலேயே பயன்படுத்துகிறாரா, திருப்தி உண்டா, கடைசியில் என்ன பலன் என்றுதான் அது கேட்கிறது. பலனைக் கேட்காமல் செலவழித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து இருக்கிறது. மருத்துவமனைகளைக் கணினிமயமாக்க 2002-ல் மேலிருந்து திணித்த தேசியத் திட்டத்தைப் பல நூறு கோடி பவுண்டு கரைந்த பிறகு 2011-ல் கலைத்தார்கள்.

இரு மாநிலப் பதிவுகளையும் இணைக்கத்தான் ஒன்றிய அரசின் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் இருக்கிறது. ஆவணத்தைக் காட்ட நோயாளியின் ஒப்புதல் வேண்டும், சரியான விதி. ஆனால் அந்த ஒப்புதலுக்கான ஓ.டி.பி. வரும் கைப்பேசி கணவரிடம், கணவர் மீன்பிடிக்க ஆழ்கடலில்.

மதிப்பீட்டுக் குழு இந்தப் பக்கம் வந்தால் சர்வர் அறையைப் பிறகு பார்க்கட்டும். முதலில் ஓ.பி. வரிசையில் நின்று, எத்தனை கையில் பிளாஸ்டிக் கவர் இருக்கிறது என்று எண்ணட்டும்.