புருவத்துக்கு ஹேர் டை கேட்டால்...

நரைத்த புருவத்துக்குப் பூச நம் கடைகளில் ஹேர் டை பாக்கெட் கேட்பவர்கள் உண்டு. கொடுக்குமுன் அதிலுள்ள எச்சரிக்கையை நாம் படித்துக் காட்ட வேண்டும். பாரா ஃபினைலின் டையமின் கலந்த சாயத்தைப் புருவத்துக்கோ இமை முடிக்கோ பூசக் கூடாது. கண் கடுமையாக வீங்கலாம், பார்வையே போகலாம் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

தினமும் கழுவிவிடலாம் என்பவருக்குப் புருவப் பென்சில் போதும். ஓராண்டாவது நிற்க வேண்டும் என்பவருக்கு அழகு நிலையங்களில் இரு முறைகள் உள்ளன. மைக்ரோபிளேடிங்கில் நுண் ஊசிகளால் தோலைக் கீறி, முடி இழைபோல் நிறம் ஏற்றுவார்கள். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் அந்தக் கோடுகள் சீக்கிரம் கலங்கிவிடும். அவர்களுக்குப் புள்ளி புள்ளியாக ஏற்றும் பவுடர் முறை பொருந்தும். எதுவானாலும் புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு பாக்கெட் விற்காவிட்டால் நமக்குச் சில ரூபாய்தான் நஷ்டம். வாடிக்கையாளரின் கண் அதைவிடப் பெரிது.