ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்கலாமே!

சமீபத்தில், எங்கள் தெருவில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் காலமானார். காப்பித் தோட்டத்திலும், மலைவாழைத் தோட்டத்திலும் உழைத்தே நாலு பிள்ளைகளை ஆளாக்கியவர். பண்ணைக்காட்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுக்கு வரை அழுதுகொண்டே போவோம். பாடை கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டுத் திரும்பி விடுவோம். அன்றும், பெரியவரின் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன்.

அப்போது, ஊர்வலத்தின் பின்னால் ஒரு சுற்றுலா வேன் வந்தது. குறுகலான மலைப்பாதை, ஒதுங்க இடமில்லை. விடாமல் ஹாரன் அடித்தார் டிரைவர். வேனுக்குள் சினிமாப் பாட்டு அலறியது. ஜன்னலில் தொங்கிக் கொண்டிருந்த ஒரு பையன், அழுகிற பெண்களைச் செல்போனில் படம் எடுத்தான். பின்னால் நடந்து வந்த இளைய மகன் கையெடுத்துக் கும்பிட்டு, 'அஞ்சு நிமிஷம் பொறுங்கண்ணே, எங்கப்பாவைக் கொண்டு போறோம்...' என்றார். 'எங்களுக்கும் டைம் ஆகுதுல்ல?' என்று பதில் வந்தது. ஆட்கள் பள்ளத்து ஓரமாக நெருங்கி நிற்க, பாடை ஒருபக்கமாகச் சாய, வேன் உரசிக்கொண்டு போனது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக் கொண்டு, 'அம்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தேன்டி. இப்ப கண்ணை மூடுனா அவரு முகம் வரல, அந்த ஹாரன் சத்தந்தான் வருது' என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

வெளியூர்க்காரர்களை மட்டும் குறை சொல்லி விட்டுத் தப்பிக்க முடியாது. நான் சிறுமியாக இருந்தபோது, சங்குச் சத்தம் கேட்டாலே டீக்கடையில் ரேடியோ நின்று விடும். ஆண்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக் கொள்வர். பஸ்காரர் இன்ஜினை அணைத்து விட்டுக் காத்திருப்பார். கேத வீட்டில் அடுப்பு எரியாது என்று, அக்கம்பக்கத்தில் சோறு வடித்துக் கொடுத்தனுப்புவோம். இன்றோ, பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கும்போதே, 'டிவி'யில் சீரியல் ஓடுகிறது. ஏன், அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் என் மகனே செல்போனில் சத்தமாக வீடியோ பார்த்துக் கொண்டிருந்தான். அதட்டிய பிறகுதான் நிறுத்தினான். சொல்லித் தராதது என் தப்புதானே?

இந்த அலட்சியம் எங்கே போய் முடியும் என்பதை, 2020 ஏப்ரலில் சென்னையில் பார்த்தோம். கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல், ஒரு கும்பல் ஆம்புலன்ஸைக் கல்லாலும், கட்டையாலும் தாக்கியது. மனைவியும், மகனும் கடைசி மண்கூடப் போட முடியாமல் திரும்பினர். சக மருத்துவர் ஒருவர், இரண்டு ஊழியர்களோடு நள்ளிரவில் தானே மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அதன் பிறகு, அதே மாதம் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. தொற்று நோயால் இறந்தவரின் இறுதிச் சடங்கைத் தடுத்தால், மூன்று ஆண்டு வரை சிறை என்றது.

அந்தக் கும்பலுக்காவது நோய் பற்றிய பயம் இருந்தது. ஹாரன் அடித்தவருக்கு என்ன பயம்? அவசரம், அவ்வளவுதான்!

பொதுவான சட்டமும் இருக்கிறது. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே, இறுதிச் சடங்குக்குக் கூடியவர்களுக்கு இடையூறு செய்தால், ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 297-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 301-வது பிரிவாக இருக்கிறது. ஆனால், துக்கத்தில் இருப்பவர் போலீஸ் ஸ்டேஷனுக்கா போய் நிற்பார்?

நம் பக்கத்துத் தவறையும் சொல்லத்தான் வேண்டும். ஊர்வலத்தில் குடித்துவிட்டு ஆடுவது, நடுரோட்டில் வெடி போடுவது, மாலைகளைப் பிய்த்து ரோடெல்லாம் இறைத்து டூ வீலரில் வருபவர்களை வழுக்கி விழ வைப்பது... இதையெல்லாம் பார்க்கும் வெளியாட்களுக்கு எப்படி மரியாதை வரும்? பாதி ரோட்டை விட்டுக் கொடுத்து, அமைதியாகப் போனால், ஆம்புலன்ஸுக்கும் வழி கிடைக்கும். நமக்கும் மதிப்பு இருக்கும்.

கொடைக்கானல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு, 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. வண்டிகளைக் கணக்கெடுக்க வழி வந்து விட்டது. வருகிறவர்களின் மனசுக்கு யார் பாஸ் கொடுப்பது? அது, அவரவர் வீட்டில் அம்மாக்கள் கொடுக்க வேண்டியது.

இறந்தவருக்கு நம் மரியாதை தெரியப் போவதில்லை. தெருமுக்கில் நிற்கிறாளே ஒருத்தி, அவளுக்குத் தெரியும். ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

சகோதரிகளே... அடுத்த முறை சுற்றுலா கிளம்பும்போது, வழியில் ஓர் ஊர்வலம் குறுக்கிட்டால், 'தம்பி, பாட்டை நிறுத்துப்பா, வண்டியை ஓரங்கட்டு' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு நிமிடம் தாமதமானால், கொடைக்கானல் ஏரி ஓடிப் போய் விடாது!

— ஓர் இல்லத்தரசி, பண்ணைக்காடு.