ஊருணிக் கரை

வைகை ஆறு கடலைச் சென்று சேர்வதென்பது அபூர்வமாக நிகழும் காரியம். வருஷநாட்டு மலைகளில் பிறந்து, தேனியையும் மதுரையையும் கடந்து, வழியெல்லாம் கண்மாய்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே வரும் அந்த நதி, பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு தன் யாத்திரையை முடித்துக்கொள்கிறது. நதியே இப்படிக் கைவிரித்துவிடுகிற பிரதேசத்தில், பூமிக்குள்ளும் பல இடங்களில் உப்பு நீரே ஊறுமானால், அங்கே குடியிருக்கத் துணிந்தவர்கள் வானத்தைத்தான் நம்பியாக வேண்டும். வானமோ ஐப்பசி, கார்த்திகையில் தாராளமாகக் கொடுத்துவிட்டு மற்ற மாதங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சுபாவமுடையது. அந்தச் சில வாரத்துக் கொடையைத் தேக்கி வைத்து வருஷம் முழுவதும் குடிப்பதற்காக ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கிராமத்தார் வெட்டி வைத்த குளமே ஊருணி. கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. இந்தப் பாகுபாடு அங்கே சிறு குழந்தைக்கும் தெரியும்.

ஊருணியைப் பற்றி எழுதுகிறவர்கள் சாதாரணமாக அதை நம் முன்னோரின் நீர்ச் சேமிப்புச் சாமர்த்தியம் என்று புகழ்ந்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். சாமர்த்தியந்தான், சந்தேகமில்லை. ஆயினும் அதன் பிரதான விசேஷம் வேறிடத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது: அண்டை அயலார் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டும் கண்காணித்துக்கொண்டும் வாழும்படி தினந்தோறும் நிர்ப்பந்தித்த ஸ்தாபனம் அது. அன்பினால் கூடி வாழ்ந்தார்கள் என்று சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கும். தாகத்தினால் கூடி வாழ்ந்தார்கள் என்பதே உண்மைக்குச் சற்று நெருங்கியது.

ஊருணியின் அமைப்பைக் கவனித்தால் இது விளங்கும். மேட்டு நிலத்தில் விழுகிற மழை வரத்துக்கால் வழியாக ஓடி வந்து குளத்தில் இறங்க வேண்டும். ஆகவே குளம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது, அந்த மேட்டு நிலம் முழுவதுமே அசுத்தப்படாமல் இருந்தாக வேண்டும். ஒருவன் தன் வசதிக்காக வரத்துக்காலை ஒரு முழம் உள்ளே தள்ளி வேலி போட்டாலும் ஊர் முழுவதற்கும் தண்ணீர் குறையும். வண்டல் படிந்தால் கொள்ளளவு சுருங்கும். அதற்காகக் கண்டபடி ஆழமாகத் தோண்டினாலோ, அடியிலிருக்கும் களிமண் படலம் உடைந்து தேங்கிய நீர் கீழே இறங்கிவிடும், அல்லது கீழேயுள்ள உப்பு மேலே வந்துவிடும். எவ்வளவு தோண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற அறிவு அநுபவஸ்தர்களிடம் இருந்தது. செட்டிநாட்டு ஊர்களில் இந்த ஏற்பாடு வீட்டின் கூரையிலிருந்தே தொடங்குகிறது. ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியது தெருவின் வாய்க்காலில் கலந்து ஊருணியைச் சென்று அடையும்படி தெருக்களையே வகுத்திருக்கிறார்கள். அங்கேயுள்ள மாளிகைகளின் தேக்குத் தூண்களைப் பார்க்க வருகிற யாத்திரிகர்கள் தெருவோரத்து வாய்க்காலை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பது ஒரு குறைதான்.

இவ்விதம் சேர்ந்த நீரைக் காப்பதற்கு எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. மாடு குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் வேறு குட்டை. ஊருணிப் படியில் செருப்போடு இறங்கக் கூடாது. எச்சில் துப்பக் கூடாது. பாத்திரம் துலக்கக் கூடாது. சில ஊர்களில் காவலுக்கென்று ஓர் ஆளை வைத்து வீட்டுக்கு இவ்வளவு தானியம் என்று கூலி கொடுத்தார்கள். கட்டுப்பாட்டை மீறினவனை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தித் தண்டம் விதித்தார்கள். எடுத்து வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நன்றாக உரைத்துவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். சேறு அடியில் படிந்து, மேல்நீர் தெளிந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் ஊருணி வற்றிப்போன பிறகு நடப்பதுதான் உற்றுக் கவனிக்கத்தக்கது. வறண்ட தரையில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு குழி பறிப்பார்கள். அதற்கு ஊற்று என்று பெயர். அதன் அடியில் கசிகிற நீர் ஒரு கை அளவு சேரும்வரை காத்திருந்து, சிரட்டையால் வழித்து வழித்து, குடத்தின் வாயில் கட்டிய துணியின்மேல் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் பொழுது ஏறிவிடும். ஆகையால் பின்னிரவிலேயே வந்து, குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, கரையிலே உட்கார்ந்துகொள்வார்கள். மனிதர் எழுந்து போனாலும் குடத்தின் இடம் மாறாது. மாற்றி வைத்தால் அன்றைக்கு ஊரே விழித்துக்கொள்ளும்படி சண்டை நடக்கும். அந்த வரிசையிலேதான் சம்பந்தப் பேச்சுகள் ஆரம்பமாயின. கைமாற்றுக் கடன் கேட்கப்பட்டது. மாமியார்களைப் பற்றிய வழக்குகள் விசாரிக்கப்பட்டன. இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஒரு வீட்டிலிருந்து குடம் வராவிட்டால் மூன்றாவது நாள் யாராவது ஒருத்தி அந்த வீட்டு வாசலில் போய், “என்ன மதினி, மேலுக்குச் சுகமில்லையா?” என்று குரல் கொடுப்பாள். கிழவிகள் தனித்திருந்த வீடுகளுக்கு இளையவர்கள் ஒரு குடம் சேர்த்து எடுத்துப் போவார்கள். க்ஷேமநலத் துறை என்று தனியே ஒன்றை வைத்துக்கொள்ளாத சமூகத்தில் அந்தத் துறையின் வேலையில் பாதியை இந்த வரிசை செய்துவந்தது.

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊருணித் தண்ணீர் நோயையும் கொண்டுவந்தது. நரம்புச் சிலந்தி என்ற கொடிய வியாதியைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். நீரிலிருக்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான தெள்ளுப் பூச்சியோடு நோய்ப் புழுவின் குஞ்சு வயிற்றுக்குள் போய், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஒரு மீட்டர் வரையில் நீளமுள்ள புழுவாகக் காலில் கொப்புளம் கிளப்பிக்கொண்டு வெளியே வரும். அந்த எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குளத்து நீரில் நனைத்தால், அந்தக் கணமே ஆயிரக்கணக்கான குஞ்சுப் புழுக்கள் நீரில் கலந்து அடுத்தவர்களுக்காகக் காத்திருக்கும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. சிறு குச்சியில் சுற்றிச் சுற்றிப் பல நாட்கள் இழுத்து எடுப்பதே சிகிச்சை. இந்திய அரசாங்கம் 1983-84-இல் இதை ஒழிப்பதற்கென்று தனித் திட்டம் வகுத்தபோது கையாண்ட உபாயங்கள் மிகவும் எளியவை: நீரைத் துணியால் வடிகட்டிக் குடி, கொப்புளமுள்ள காலோடு நீரில் இறங்காதே, இறங்கும் படியுள்ள கிணறுகளை மாற்றிக் கட்டு. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுபட்ட தேசமென்று அறிவித்தது. குடத்து வாயில் துணி கட்டுவதும் தண்ணீரில் கால் வைக்காதிருப்பதும் ஆசாரத்தின் பெயரால் ஏற்பட்டவையோ, அநுபவத்தின் பெயரால் ஏற்பட்டவையோ, அவற்றை ஒழுங்காக அநுசரித்த ஊர் தன்னையறியாமலே ஒரு பெரிய வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தது.

அதைவிடக் கொடிய வியாதி ஒன்று கரைமேலேயே இருந்தது. “ஊர்” என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பதை ஊருணிப் படித்துறை நாள்தோறும் ஈவிரக்கமின்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. சேரிக்கு வேறு குளம். அது வற்றினால் மேட்டில் நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றுவதற்காகக் காத்திருக்க வேண்டும். 1931-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் தலைவராக இருந்த ஹட்டன், அந்த ஆண்டு ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்க சாதியார் விதித்த தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பின்னர் அம்பேத்கரும் அவற்றை எடுத்துக்காட்டினார். அவற்றுள் ஒன்று தண்ணீர்க் குடத்தைப் பற்றியது. அவர்களுடைய பெண்கள் மண்குடத்திலேதான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பும் பித்தளையும் கூடாது. தலையில் வைக்கும் சும்மாடு வைக்கோலாக இருக்க வேண்டும், துணியாக இருக்கக் கூடாது. தண்ணீர் சுமக்கிற தலைக்கும் குடத்துக்கும் நடுவே ஒரு முழத் துணி இருப்பதைப் பொறுக்காதவர்களும் அதே ஊருணியின் சுத்தத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர்களே. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1927 மார்ச்சில், அம்பேத்கர் மஹாடு நகரத்துச் சவ்தார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்திருந்தார். பொதுக் குளத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அந்த ஒரு கை நீரையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டவர்கள்.

பின்னர் ஊருணிகள் சீரழிந்த கதை பலருக்கும் தெரிந்ததே. குளம் குட்டைகளின் மராமத்துக்குக் குடிகள் உழைப்பைத் தந்தே தீரவேண்டுமென்று சென்னை மாகாணத்தில் 1858-லேயே சட்டம் போட நேர்ந்தது என்றால், வழக்கம் அதற்குள்ளாகவே தளர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். குழாய் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, காவிரி நீரே குழாய் வழியாக ராமநாதபுரத்துக்கு வந்தது. வரத்துக்காலில் வீடு எழும்பியது. குளத்துக்குள் சீமைக் கருவேலம் முளைத்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசாங்கம் புதுத் திட்டம் தொடங்கியது. ஆனால் பெயரைப் புதுப்பிப்பது வண்டலை அள்ளுவதைவிடச் சுலபமாகவே இருந்துவருகிறது.

குழாய் வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னிரவில் எழுந்து ஊற்றடியில் குந்தியிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. அந்தக் கூட்டுறவின் அழகைப் பற்றி விரிவாக எழுதுகிற ஆண்மக்களில் எத்தனை பேர் குடம் சுமந்திருப்பார்கள் என்பது விசாரிக்கத்தக்க விஷயம். நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் இலக்கு வைத்திருப்பது முழுமையாக நிறைவேறினால் அதைப்போன்ற புண்ணியம் வேறில்லை. என்றாலும் குழாயிலே தண்ணீர் வராத அன்று பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. தனித்தனியே லாரியை எதிர்பார்ப்பதும், தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போவதும், காசிருப்பவர் கேன் தண்ணீர் வாங்குவதுமாக அந்த நாள் கழிகிறது. பழுதானால் புகார் செய்யலாம். தாங்களே கூடிப் பழுது பார்க்கக்கூடிய பொருள் ஊரிலே ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டது.

ஆயினும் சில ஊர்களில் ஊருணி திரும்பி வந்திருக்கிறது. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை போன்ற ஸ்தாபனங்கள் கிராமத்தாரிடம் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ வாங்கிக்கொண்டே வேலையைத் தொடங்குகின்றன. முள்ளை வெட்டி, வண்டல் அள்ளி, கரையைப் பலப்படுத்துவதோடு, சில இடங்களில் கரைக்கு வெளியே ஒரு கிணறு கட்டி, ஊருணி நீர் மணல் வடிகட்டி வழியாக அதில் வந்து சேரும்படி செய்து, மேலே கைப்பம்பு பொருத்துகிறார்கள். யாரும் நீரில் கால் வைக்க வேண்டியதில்லை. படித்துறை என்பதே இல்லாததால் யார் எந்தப் படியில் இறங்குவது என்ற கேள்வியும் எழுவதில்லை. பராமரிப்புக் கமிட்டியில் எந்தத் தெருவுக்கு எத்தனை இடம் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது; அதை எஞ்சினீயர்கள் தீர்த்து வைக்க முடியாது.

குழாய் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டால் அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்லும் பதில் ரொம்பவும் சாமானியமானது: போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பிலுள்ள பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுவதால் எவ்வளவு விறகு எரித்தாலும் மசியாது. மழைநீரில் அந்த உபத்திரவம் கிடையாது. சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் ஊருணி, குளிக்கவும் துவைக்கவும் குழாய் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட ஊர்களில் கம்பிவேலிக் கதவின் சாவி பக்கத்து வீட்டு மாடத்தில் இருக்கும். செருப்போடு உள்ளே நுழைகிற வெளியூர்க்காரருக்கு நாலு திசையிலிருந்தும் அதட்டல் வரும். அதட்டுகிறவர்கள் வீட்டு வாசலிலும் குழாய் இருக்கிறது.