“நேராத்தான் உட்கார்ந்திருக்கேன்!”

பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்துபோன ஒருவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கிறார்கள். எதையாவது பற்றிக்கொண்டு, தெம்புள்ள வலப்பக்கம் சாய்வார் என்றுதான் நினைப்போம். சிலர் செய்வது நேர்மாறு. வலக்கையை மெத்தையில் ஊன்றி, செயலிழந்த இடப்பக்கமாகவே தங்களைத் தள்ளிக்கொள்வார்கள். மகன் பதறித் தோளைப் பிடித்து நிமிர்த்தினால் இன்னும் பலமாகத் தள்ளுவார்கள். “விடுடா, நேராத்தான் உட்கார்ந்திருக்கேன்!”

இது வீம்பு இல்லை. ஜெர்மனியின் டூபிங்கனில் ஹான்ஸ்-ஓட்டோ கார்னாத்தும் சக ஆய்வாளர்களும் இத்தகையவர்களைச் சாயும் நாற்காலியில் அமர்த்தி, கண்ணை மறைத்துச் சோதித்தார்கள். முடிவு 2000-இல் வெளியானது. உடல் சுமார் 18 டிகிரி சாய்ந்திருந்தபோதுதான் அவர்களுக்கு ‘நேராக இருக்கிறோம்’ என்று பட்டது. அந்த உள்சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சிகிச்சைக்குப் பிடி கொடுத்தது இன்னொன்று: கண்ணைத் திறந்துவிட்டால், எதிரே இருக்கும் கோடு செங்குத்தா இல்லையா என்று அதே ஆட்கள் சரியாகச் சொன்னார்கள்.

எனவே, விவரம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இவரைப் பிடித்துத் தள்ள மாட்டார். கதவு நிலையைப் பார்க்கச் சொல்வார். “அது நேரா இருக்கா? நீங்க?” தான் சாய்ந்திருப்பதை நோயாளியே கண்டுகொண்ட பிறகு, வலப்பக்கம் ஒரு டம்ளரை நீட்டி எட்டி வாங்கச் சொல்வார். பெரும்பாலோருக்கு இந்தத் தள்ளல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும்.

இப்படித் தள்ளாத மற்ற பக்கவாத நோயாளிகளின் சிக்கல் வேறு. பாதித்த காலை நம்பாமல், எடை முழுவதையும் நல்ல காலிலேயே போட்டுவிடுகிறார்கள். எழுந்து நிற்கும்போது இரு பாதங்களுக்கும் அடியில் தனித்தனி எடை மிஷினை வைத்தால் குட்டு உடைந்துவிடும். நாற்காலியிலிருந்து எழும்முன் பாதித்த பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து வைத்தால் போதும், அந்தக் கால் சுமையில் தன் பங்கை ஏற்றே ஆக வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இப்படித்தான்: உட்கார், எழு, எட்டு, திரும்பு, திரும்பத் திரும்ப.

இதற்கெல்லாம் பெரிய இயந்திரங்கள் வேண்டாமா? அமெரிக்காவில் 408 பேரிடம் நடத்திய லீப்ஸ் ஆய்வு (2011), உடலைக் கச்சையால் தாங்கி டிரெட்மில்லில் நடக்கவைக்கும் பயிற்சியையும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து தந்த தசைவலு, சமநிலைப் பயிற்சியையும் ஒப்பிட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நடையில் முன்னேறியவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம். கச்சை தொங்கும் கூடத்தை விளம்பரத்தில் பார்த்து மயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால், பயிற்சியைக் குடும்பத்தாரிடமே விட்டுவிடலாமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு அதைத்தான் கேட்டது. வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். 2017-இல் வந்த முடிவு ஏமாற்றம்தான்: ஆறு மாதத்தில், வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. அக்கறைக் குறைவால் அல்ல என்றே நினைக்கிறேன். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது சில நாள் பாடத்தில் கைவருவதில்லை. நம் டிஸ்சார்ஜ் சீட்டுகளிலோ மாத்திரைகளுக்கு வேளை, அளவு, நாள் கணக்கு எல்லாம் இருக்கும். பயிற்சிக்கு ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரே வரி.